இரவல் கைவாகு

நயினாரின் கார் முதன்முதலாக அடைக்கலபட்டணம் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றபோது அவர் பிரேக்கை மிதிக்கவே இல்லை. ஸ்டியரிங் அவர் கைக்குள்ளேயே மெல்ல இடது பக்கம் திரும்பியது. கார் வேகம் குறைந்து, நிழற்குடையைத் தாண்டி, சற்றுத் தள்ளியிருந்த வேப்பமரத்தடியில் குலுங்காமல் நின்றது. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நயினார் யாரையோ கூட்டிப்போக வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார். அதற்குள் ஒருவர் பின்கதவைத் திறந்து, உரச்சாக்கை உள்ளே தள்ளி, தானும் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

“சத்திரம் போவும்லா?”

போகும் என்றோ போகாது என்றோ சொல்வதற்குள் கார் கிளம்பிவிட்டது. சாக்குக்காரர் பாவூர்சத்திரம் மார்க்கெட் வாசலில் இறங்கும்போது, இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனுஷரா என்று வாழ்த்திவிட்டுப் போனார். நயினாருக்குக் காது மடல் சூடாகியிருந்தது. உடனே மைதீனைக் கூப்பிட்டார்.

கடையநல்லூர் மைதீன் பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். இன்சூரன்ஸ் ஏஜெண்ட். யாருக்கும் வேண்டாத வண்டி ஓட்டிகளுக்குப் பாலிசி வாங்கிக் கொடுப்பதில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தவன். அப்படி யாருக்கும் வேண்டாத ஆளாகத்தான் நயினார் அவனிடம் போய்ச் சேர்ந்திருந்தார்.

நயினாருக்குத் தொழில் காது. ஆலங்குளத்தில் சின்னதாக ஒரு கடை. காது கேட்கும் கருவி பொருத்துவது, பழுது பார்ப்பது. ஆனால் காது மங்கியவர்கள் கடை தேடி வருவதில்லை. தங்களுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது, மற்றவர்கள்தான் முணுமுணுக்கிறார்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அதனால் சுரண்டை, கடையம், பாவூர்சத்திரம் என்று வீடு வீடாக அவர்தான் போக வேண்டும். சோதனைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைய முடியாது. கார் இல்லையென்றால் தொழில் இல்லை.

அந்தக் காரை அவர் ஓட்டியவிதம் அப்படி. வேகத்துக்கு ஒரு தடவை, சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கு ஒரு தடவை பிடிபட்டார். மூன்றாவது தடவை, நான்குவழிச் சாலையில் அடுத்த திருப்பம்வரை போய்ச் சுற்றிவரச் சோம்பல்பட்டு, ஒரு கையில் போனோடு எதிர்த்திசையில் ஏறினார். பால் கேன் கட்டிய ஒரு மொபெட் எதிரே வந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இடுப்பெலும்பு சரியாகச் சேரவில்லை. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். கோர்ட்டு உரிமத்தை முடக்கியது. அந்தக் காலம் முடிந்து உரிமம் திரும்பக் கிடைத்தபோது ஒரு கம்பெனியும் அவருக்குக் காப்பீடு தர முன்வரவில்லை. காப்பீடு இல்லாத கார் இப்போதெல்லாம் கிளம்புவதே இல்லை. சாவியைத் திருகினால், வருந்துகிறோம் என்று ஒரு பெண்குரல் சொல்லும். அந்த வருத்தத்தை அவர் மூன்று மாதம் தினமும் கேட்டார்.

அப்போதுதான் மைதீன் கைவாகுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னான்.

“கேளும்வே. சமையலுக்கு ஒருத்திக்குக் கைவாகு உண்டுல்லா? அதே அரிசி, அதே பருப்பு, அவ பண்ணினா வேற ருசி. வண்டி ஓட்டுதவனுக்கும் அது உண்டு. எங்கன திரும்பணும், எங்கன மெதுவாப் போவணும், எம்புட்டு எடம் விடணும்னு கையும் காலும் தன்னால செய்யும். அத கம்பெனிக்காரன் வழிச்சு எடுத்து வச்சிருக்கான். நல்ல டிரைவர் ஒருத்தரோட கைவாக உம்ம வண்டிக்குள்ள விட்டுருவான். ஓட்டுதது நீருதான். ஆனா அந்த ஆளு செய்யாதத நீரு செய்யப் பாத்தா ஸ்டியரிங் கனக்கும். பெடல் எறங்காது.”

“செஞ்சே தீருவேன்னு அழுத்தினா?”

“செய்யலாம். அதுக்குப் பேரு ஒதறுதது. மூணு தடவ ஒதறினா பாலிசி போச்சு. பொறவு ஆயுசுக்கும் ஒருத்தனும் தர மாட்டான்.”

“ஒதறாம இருந்தா?”

“ஒண்ணும் தெரியாது. ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனா கனம் எங்கேருந்து வரும்?”

ஒரு வருஷம் பழுதில்லாமல் ஓட்டினால் மற்றவர்களைப்போல் சாதாரணப் பாலிசி எடுத்துக்கொள்ளலாம். யாருடைய கைவாகு என்று வாங்கியவருக்குச் சொல்ல மாட்டார்கள். யாரிடம் போயிருக்கிறது என்று கொடுத்தவருக்கும் சொல்ல மாட்டார்கள். ஒருவரை ஒருவர் தேடிப் போகக் கூடாது என்பது நிபந்தனை.

பஸ் ஸ்டாப் விஷயத்தைக் கேட்டதும் மைதீன் போனிலேயே வெகுநேரம் சிரித்தான். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு விளக்கினான். உமக்குக் கிடைத்திருப்பது பஸ் டிரைவர் கை. விபத்தே இல்லாமல் ஓய்வு பெற்றவர்களைத் தேடித்தேடிக் கம்பெனி வாங்குகிறது. அந்த ஸ்டாப் பழக்கத்தை மட்டும் பிரித்தெடுக்க முதலில் முயற்சி செய்தார்கள். எடுத்ததும் அதே கை வளைவில் தடுமாறியது, குறுக்கே வரும் நாய்க்கு நிற்கவில்லை. ஆட்களுக்காக நிற்கிற பழக்கமும் ஆட்களை இடிக்காத பழக்கமும் உள்ளே எங்கேயோ ஒன்றாகப் பின்னிக்கிடந்தன. பிரித்தால் இரண்டும் போய்விடுகிறது. அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

“நல்லதா நாலு பேர ஏத்திக்கிட்டுப் போவும்,” என்றான் மைதீன்.

நயினார் அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதல் மாதத்திலேயே இரண்டு தடவை உதறினார். இரண்டும் அதே அடைக்கலபட்டணத்தில். ஒரு தடவை அவசரம், ஒரு தடவை வெறும் கோபம். ஸ்டியரிங் ஈரமண் மாதிரிக் கனத்தது. பல்லைக் கடித்து வலது பக்கம் இழுத்து, பெடலை முழுக்க மிதித்தார். கார் விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்தபோது கையில் உண்டான லேசான வழுக்கல், யாரோ பிடித்திருந்த கையை உருவிக்கொண்டதுபோல இருந்தது. அந்த உணர்வு அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவைக்குப் பிறகு ஓரமாக நிறுத்தி, ஒரு தடவைதான் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் உதறவில்லை. ஸ்டாப்பில் கார் நின்றால் நின்றுகொள்ளட்டும் என்று விட்டார். ஆட்கள் ஏறினார்கள். கைவாகு வண்டிகளுக்கு நம்பர் பலகையின் மேல் ஒரு சின்ன நீல விளக்கு உண்டு. அதைப் பார்த்தால் மற்ற ஊர்களில் ஜனங்கள் விலகிப்போவார்கள். அந்தச் சாலையில் மட்டும் நீல விளக்கைப் பார்த்ததும் கை காட்ட ஆரம்பித்தார்கள்.

நீல விளக்கு அதற்குள் ஊருலகத்தில் என்னென்னவோ ஆகியிருந்தது. பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையின் காரைப் பின்பக்கமாகப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்கள். வசதியானவர்கள் காலேஜ் போகும் பிள்ளைகளுக்கு, தப்பு எதுவும் செய்யாமலேயே, பேர்போன டிரைவர்களின் கைவாகை வாங்கிப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகள் அது இல்லாமல் ஓட்டவே தெரியாமல் வளர்ந்தார்கள். தப்பு செய்தவர்களிலும் முக்கால்வாசிப் பேர் வருஷம் முடிந்த பிறகு கைவாகை விடுவதில்லை. விட்டால் பழைய புத்தி திரும்பிவிடும் என்று பயம். சேரன்மகாதேவியில் ஒருவர், கைவாகை எடுத்த மறுநாள் காலை காருக்குள் உட்கார்ந்து, கிளப்பப் பயந்து அழுதார் என்று மைதீன் சொன்னான். தன் கையை நம்பாத மனிதர்கள் ஊருக்கு ஊர் உண்டாகிக்கொண்டிருந்தார்கள். தானும் அப்படித்தான் ஆவோம் என்று நயினாருக்குத் தோன்றியது. ஓட்டுவது நல்ல கைதான், ஆனால் அது இரவல். திருப்பிக் கொடுத்த அன்று மொபெட்டில் வந்தவரை இடித்த கைதான் மிஞ்சும்.

அவர் மனைவி உலகம்மாளுக்கு இந்தக் கவலை எல்லாம் இல்லை. விபத்துக்குப் பிறகு அவருடைய காரில் ஏற மாட்டேன் என்று சாதித்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாக வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். சங்கரன்கோவில் போய்த் திரும்பும்வரை பேசாமல் வந்தாள். இறங்கும்போது ஸ்டியரிங்கைப் பார்த்து, “வாரேன் அண்ணாச்சி,” என்றாள்.

“யாருட்ட சொல்லுத?” என்றார் நயினார்.

“ஓட்டினவருட்ட. உங்ககூட யாரு வந்தா? நான் அவருகூடத்தான் வந்தேன்.”

நயினாருக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அவள் அப்படியே சொன்னாள்.

அவர் காரில் மௌனம் வந்தது அந்த நாட்களில்தான். முன்பெல்லாம் ஓட்டும்போது போன், பாட்டு, எதிரே வருகிறவனைத் திட்டுவது என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது அந்தக் கையின் நிதானத்துக்கு முன்னால் எதையும் போடத் தோன்றவில்லை. காது சோதிக்கும் கண்ணாடி அறையில் அவர் இரண்டு விதமான மௌனங்களை அறிந்திருந்தார். ஆள் இல்லாத அறையின் மௌனம் ஒன்று. பேசாமல் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் அறையின் மௌனம் இன்னொன்று. இரண்டும் கருவியில் ஒன்றுபோலத்தான் காட்டும், ஆனால் ஒன்றல்ல. காருக்குள் இருந்தது இரண்டாவது வகை. ஆலங்குளத்திலிருந்து சுரண்டைவரைக்கும் யாரோ ஒருவர் பேசாமல் கூடவே வந்தார். வளைவுக்கு முன்னால் அவர் மூச்சை நிதானப்படுத்திக்கொள்வது நயினாருக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துச் சுவர் ஆரம்பிக்கும்போதே அவர் கால் தளர்வது தெரிந்தது. எந்த ஸ்டாப்பிலும் அவர் நிழலில்தான் நிறுத்தினார். ஏறப்போகிறவர்கள் வெயிலிலிருந்து நடந்து வந்து நிழலில் ஏற வேண்டும் என்று அவர் என்றைக்கோ முடிவு செய்திருக்கிறார். முகம் தெரியாத ஒருவரை இவ்வளவு தூரம் தெரிந்துகொள்ள முடியும் என்று நயினார் நினைத்ததில்லை.

முகம் தெரியவந்தது அங்கன்வாடி டீச்சர் தங்கபுஷ்பத்தால். பங்குனி வெயிலில் ஒரு நாள் மடியில் முட்டைத் தட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு பின்சீட்டில் வந்தாள். குளத்துக்கரை வளைவில் கார் திரும்பியபோது நயினார் கண்ணாடியில் பார்த்தார். தட்டுகளைப் பிடிக்காமல் இரண்டு கையையும் தூக்கி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

முட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்.

“எதுக்குப் பிடிக்கணும்? இந்த வளைவுல முட்டையப் பிடிக்காம இருக்க ஒருத்தர் வண்டியிலதான் முடியும். மொத தடவ ஏறின அன்னைக்கே நெனச்சேன். நீங்க அருமநாயகம் அண்ணன்ட்ட பழகினவியளா?”

அருமைநாயகம் ஆலங்குளம்–சுரண்டை பஸ்ஸை இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓட்டியவர். பஸ்கள் தாமாக ஓட ஆரம்பித்ததற்கு முந்தைய வருஷம் ஓய்வு பெற்றார். பாவூர்சத்திரத்துக்குத் தள்ளி மகள் வீட்டில் இருக்கிறார். இதையெல்லாம் தங்கபுஷ்பமே சொல்லி முடித்துவிட்டு, இறங்கும்போது ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். “இப்பம் பாவம், வலது காது சுத்தமாக் கேக்காது. கூப்பிட்டா எடது பக்கமாத் திரும்பிச் சுத்தி வருவாவ.”

நயினார் நான்கு மாதம் போகவில்லை. நிபந்தனையை மீறினால் பாலிசி போய்விடும் என்பது ஒரு காரணம். பார்த்து என்ன சொல்வது என்று தெரியாதது இன்னொரு காரணம். ஆனால் பஸ் டிரைவரின் வலது காது என்பது தொழிலில் அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். வாழ்நாள் முழுவதும் ஜன்னல் பக்கம், எதிர்வண்டிகளின் ஹாரன் முழுவதும் அந்தக் காதுக்குள்தான் போயிருக்கும். அதற்கு ஒரு கருவி தன்னிடம் இருந்தது. ஆடி பிறந்து, குற்றாலம் பக்கத்துக் காற்று சாலைவரை குளிர்ந்து வந்த ஒரு முற்பகலில், ஊர் ஊராகக் காது பார்க்கிறவன் என்ற முறையில் மட்டும் அந்த வீட்டுக்குப் போனார். கைவாகு பற்றி வாய் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்.

அருமைநாயகம் கட்டையான மனிதர். தோள்கள் மட்டும் இன்னும் பஸ் ஸ்டியரிங் அளவுக்கு அகலமாக இருந்தன. வீட்டு முன்னால் வான்கோழிகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். காது என்றதும் முதலில் வேண்டாம் என்றார். மகள் ஜெபா உள்ளேயிருந்து, அப்பாவுக்குக் காது கேட்காததால் இந்தத் தெருவுக்கே குடும்பச் சங்கதி முழுவதும் தெரிந்திருக்கிறது என்று சொல்லி அவரை உட்காரவைத்தாள். நயினார் சோதித்துப் பார்த்துக் கருவியைப் பொருத்தினார். பெரியவர் தலையை மெல்லத் திருப்பினார். வான்கோழி கத்தியதும் முகம் சுருங்கியது.

“இது இப்பிடியா கத்துது? அறுத்திருப்பனே முன்னாடியே.”

வீட்டுக்குள் பழகுவது வேறு, வெளிச்சத்தம் வேறு. ஒரு நடை காரில் போய்வந்தால் அளவு சரிசெய்துகொள்ளலாம் என்றார் நயினார். அது தொழிலில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனாலும் அவர் அதைச் சொன்னது காதுக்காக மட்டும் அல்ல. ஜெபா சிரித்தாள். மற்றவர்கள் ஓட்டுகிற வண்டியில் அப்பா ஏற மாட்டார்கள், ஏறினாலும் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள் என்றாள்.

பெரியவர் ஏறினார். சொன்னதுபோலவே, கிளம்பியதிலிருந்து அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டு வந்தது. மழை இல்லாமல், ஆனால் கண்ணாடியில் புகைபோலப் படியும் சாரல். நயினார் ஓட்டினார், அல்லது ஓட்டுகிறவரோடு போனார். தன்னுடைய கையே தன்னைக் கூட்டிப்போவது பெரியவருக்குத் தெரியுமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். அடைக்கலபட்டணத்தில் கார் இடது பக்கம் ஒதுங்கி, வேப்பமரத்தடியில் நின்றது. யாரும் ஏறவில்லை.

“இங்க ஏன் நிப்பாட்டின?” என்றார் அருமைநாயகம்.

“ஸ்டாப்புல்லா.”

பெரியவர் மரத்தையும் நிழற்குடையையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது சந்தேகமா சந்தோஷமா என்று நயினாருக்குப் புரியவில்லை. அப்புறம் அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தார். கடைசி இரண்டு வருஷம் தன் சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்து, தான் ஓட்டும் விதத்தைப் பதிந்துகொண்டார்களாம். ஓய்வுக்குப் பிறகு ஒரு கம்பெனி வந்து, தப்பாக ஓட்டுகிறவர்களைத் திருத்த உம் கையைக் கொடும் என்று கேட்டதாம். நல்ல காரியம்தானே என்று கொடுத்தாராம். சேலம், ஓசூர், எங்கெங்கோ தன் கை வண்டி ஓட்டப் போயிற்றாம்.

“ஆனா ஒண்ணு சொல்லாம விட்டுட்டானுவ. எவனாவது ஒதறினா எனக்குச் சேதி வரும். இந்த ஊரு, இந்த எடம், ஒதறிட்டான்னு வரும். சாப்பிட உக்காந்திருப்பேன், கையி அப்பிடியே நின்னுபோவும். அதுக்கப்புறம் அவன் எங்க போயி மோதினானோன்னு இருக்கும். ஓசூர்ல ஒருத்தன் மூணாவது தடவையும் ஒதறிட்டுப் போயி ஒரு பொம்பளைய இடிச்சிட்டான். பொழச்சிக்கிட்டா. ஆனா எனக்குப் போதும்னு ஆயிட்டு. எல்லா வண்டியிலயிருந்தும் எடுத்திருங்கன்னுட்டேன். மாசியிலயே எடுத்தாச்சு.”

நயினாருக்கு முதலில் அந்த மாதத்தின் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. மாசி. இது ஆடி. தங்கபுஷ்பம் முட்டைத் தட்டைப் பிடிக்காமல் வந்தது பங்குனியில்.

எஞ்சின் இல்லாத பேட்டரி கார். நின்றால் ஒரு சத்தமும் இருக்காது. அந்த மௌனத்தில் அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். ஒத்துப்போனால் ஒன்றும் தெரியாது என்று மைதீன் சொன்னது உண்மைதான். ஆள் இருந்தாலும் தெரியாது, எழுந்து போனாலும் தெரியாது. மாசிக்குப் பிறகு வளைவுக்கு முன்னால் மூச்சை நிதானப்படுத்தியது யார், பள்ளிச் சுவரில் கால் தளர்ந்தது யாருடையது என்று அவர் யோசித்தார். உலகம்மாள் ஐந்து மாதமாக யாரிடம் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதும் நினைவுக்கு வந்தது. சிரிக்க வேண்டியது. ஆனால் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

“எல்லாரையும் சொல்லக் கூடாது,” என்று பெரியவர் தன்பாட்டுக்குத் தொடர்ந்தார். “இந்தா, இதே அடைக்கலபட்டணத்துல ஒருத்தன். நம்ம பக்கத்து ஆளுதான் எவனோ. எடுத்த எடுப்புல ரெண்டு தடவ ஒதறினான். சரி, இவன் தேற மாட்டான்னு நெனச்சேன். அதோட சரி. பொறவு அவன்ட்டருந்து ஒரு சேதியும் வரல. தெனம் பாப்பேன், இன்னைக்கு ஒதறுவானோன்னு. ஒதறல. பேரு தெரியாது, மூஞ்சி தெரியாது, ஆனா அவன எனக்குப் பிடிக்கும். எடுத்துருங்கன்னு சொன்னப்பகூட, அவன்ட்ட மட்டும் விட்டு வைங்கன்னு கேக்கலாமான்னு தோணிச்சு. யாருன்னு சொல்லிக் கேக்க?”

தேடிப் போகக் கூடாது என்ற நிபந்தனை ஐந்து மாதத்துக்கு முன்பே செத்துப்போயிருந்தது.

“நாந்தான் அண்ணாச்சி.”

கருவி புதிது, சரியாகத்தான் கேட்டதா என்பதுபோலப் பெரியவர் காதைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் முழுவதுமாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“அந்தப் பய நீயாடே?”

நயினார் தலையசைத்தார்.

“ரெண்டாவது தடவ எதுக்கு ஒதறின?”

“சும்மாதான். கோவம்.”

“நெனச்சேன்,” என்றார் அருமைநாயகம். அந்த முகத்தில் கோபம் இல்லை. நெடுநாள் வராத ஒருவன் வந்து சேர்ந்ததைப் பார்க்கிற அமைதி இருந்தது.

நயினார் மைதீனைக் கூப்பிட்டார். கார் ஸ்பீக்கரில் அவன் குரல் உற்சாகமாக ஆரம்பித்தது, மாசி என்ற சொல்லைக் கேட்டதும் அடங்கிற்று. யார் சொன்னது என்று கேட்டான். அவரே பக்கத்தில் இருக்கிறார் என்றார் நயினார்.

“சொல்லக் கூடாதுன்னு கம்பெனி ரூல்சுவே,” என்றான். “கை போயிட்டுன்னு சொன்னா எல்லாவனுக்கும் நடுக்கம் வந்துருது. சொல்லாம விட்டா பாதிப்பேரு ரெண்டு நாள்ல பழைய ஆளா ஆயிருவான், அப்பவே புதுசு ஏத்திருவாவ. நீரு ஆவல. வாரத்துக்கு வாரம் பாக்காவ, அப்பவும் ஆவல. எதுக்குக் கலைக்கணும்னு விட்டுட்டாவ.”

“இப்பம் தெரிஞ்சுபோச்சே.”

“அதான். இனி நீருதான் சொல்லணும். வேற கை வேணும்னா சாயங்காலத்துக்குள்ள ஏத்தச் சொல்லுதேன், நல்ல கையா இருக்கு ஒண்ணு. வருசம் முடிஞ்சாலும் வச்சிக்கலாம், எத்தன பேரு வச்சிருக்கான். வேண்டாம்னா உம்ம கையோட போவும். ஆனா தெரிஞ்சு போறது வேற பாத்துக்கிடும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு மேலயும் சாக்குப் போட முடியாது. அதோட தீந்தது, மறுபடி கெடையாது.”

எதிர்ப்பக்கம் ஒரு தானியங்கி பஸ் வந்து நிழற்குடைக்கு நேராகக் கோடு பிசகாமல் நின்று, யாருக்கும் காத்திராமல் போயிற்று. நயினார் அருமைநாயகத்தைப் பார்த்தார். அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை என்று அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. நயினாருக்குப் பயமாகத்தான் இருந்தது. கம்பு ஊன்றி நடக்கிறவரின் முகம் வந்து போனது. கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் வைத்தார். எந்தப் பக்கமும் கனக்கவில்லை. இனி எப்போதும் கனக்காது. கனத்தால் அது தன்னுடையதாகத்தான் இருக்கும்.

“வேண்டாம் மைதீன். என் கையோடயே போறேன்.”

“யோசிச்சீரா?”

“யோசிச்சாச்சு.”

அவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, ஒரு லாரி தாண்டிப் போகும்வரை காத்திருந்து, காரைச் சாலைக்கு ஏற்றினார். முதல் கொஞ்ச தூரம் விறைப்பாகத்தான் ஓட்டினார், லைசென்ஸ் வாங்கப் போகிறவன் மாதிரி. ஒரு ஆட்டுக்கூட்டம் குறுக்கே வந்தபோது நின்றார். கடைசிக் குட்டி தாண்டுவதற்காக இன்னும் கொஞ்சம் நின்றார். அப்போதுதான் தோள் இறங்கியது. குளத்துக்கரை வளைவு வந்தது. அதை எப்படி எடுத்தார் என்று பிற்பாடு யோசித்தாலும் அவருக்கு நினைவில்லை. எடுத்து முடித்திருந்தார், அவ்வளவுதான்.

பக்கத்தில் அருமைநாயகம் வலது காதிலிருந்து கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் அதிகமாக இருக்கிறதா, குறைத்துத் தரட்டுமா என்று நயினார் கேட்டார். பெரியவருக்கு அது கேட்கவில்லை. காலை நீட்டி, கைகளை வயிற்றின் மேல் கோத்து, தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் எத்தனையோ பேர் தன் முதுகுக்குப் பின்னால் இருந்து சொல்லக் கேட்டதை, கண்ணை மூடிக்கொண்டு அவர் சொன்னார்.

“ஊரு வந்ததும் எழுப்பு.”